பின்ரூம் ஹீட்டர்

எங்கள் தெருவில் அவளுக்கு ஃபோனக்கா என்று பெயர். ஹீட்டர், ஏசி ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்கின் மனைவி. அடுப்படிக்கும் முன்ரூமுக்கும் நடுவில் ஒரு மேஜை கிடக்கும். காலை எட்டு மணிக்கு அதன் முன்னால் உட்கார்ந்தாள் என்றால் மாலை வரை ஃபோன் அவள் காதில்தான். காய் நறுக்குவதும் அந்த மேஜையில்தான், மகளுக்குத் தலை பின்னுவதும் அந்த மேஜையில்தான். யார் எப்போது கூப்பிட்டார்கள், என்ன கோளாறு, மெக்கானிக் எப்போது போனார் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பாள். அந்த நோட்டில் மஞ்சள் கறை இல்லாத பக்கமே கிடையாது.

எங்கள் ஊரில் வருஷத்தில் பாதி குளிர், மீதியில் பாதி வெயில். வெந்நீர் வைக்காத வீடு இருக்கலாம், ரூமைச் சூடாக்குகிற ஹீட்டரும், சூட்டை அளந்து அதைப் போட்டு நிறுத்துகிற தெர்மோஸ்டாட் டப்பியும் இல்லாத வீடு இல்லை. குளிர் இறங்கிய முதல் வாரம் அந்த ஃபோன் அடுப்பில் வைத்த பால் மாதிரி பொங்கிக்கொண்டே இருக்கும்.

"ஸ்கிரீன்ல எதுவுமே தெரியலையா? பேட்டரி எப்ப மாத்துனீங்க? அதுல பேட்டரி இருக்குறதே தெரியாதா. சரி, தெர்மோஸ்டாட் முன்மூடியைப் பிடிச்சு மெதுவா இழுங்க. வரும். பழசும் புதுசும் கலந்து போடாதீங்க."

"வீடு சூடாகவே மாட்டேங்குதா? தெர்மோஸ்டாட்டுக்குக் கீழ என்ன வெச்சிருக்கீங்க? லேம்ப்பா? அது லேம்ப் சூட்டைப் பார்த்துட்டு வீடே சூடாயிடுச்சுன்னு நெனச்சுக்குது. லேம்பைத் தள்ளி வைங்க பாட்டையா. ஆள் வர வேண்டாம்."

"முப்பதுல வெச்சா சீக்கிரம் சூடாகும்னு யார் சொன்னா? அது அதே வேகத்துலதான் வேலை செய்யும். எவ்வளவு வேணுமோ அதுல வெச்சுட்டு கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க."

பாதிப் பேருக்கு ஃபோனிலேயே வேலை முடிந்துவிடும். மெக்கானிக் வீட்டுக்குப் போனாலும், "உங்க வீட்டம்மா இப்படிச் சொன்னாங்க" என்று யாராவது சொன்னால் அவர் மறுபேச்சு பேசாமல் அதன்படி ஆரம்பிப்பார். ஸ்க்ரூ டிரைவரைத் தொட்டதில்லையே தவிர, அவளுக்குத் தெரியாத சங்கதி அந்தத் தொழிலில் கொஞ்சம்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பு. கல்யாணமான வருஷமே சொல்லிவிட்டார். யாராவது தெர்மோஸ்டாட்டை நானே மாற்றிக்கொள்கிறேன் என்றால் முதல் கேள்வி இதுதான்: உள்ளே ஒயர் எப்படி இருக்கிறது? மெல்லிசாக, கலர் கலராக நாலைந்து இருந்தால் அது சின்னக் கரண்ட். மெயின் போர்டில் பிரேக்கரை இறக்கிக் கரண்டை நிறுத்திவிட்டு அவர்களே மாற்றலாம். தடியாக இரண்டோ நாலோ இருந்தால் அது வீட்டுக் கரண்ட் அப்படியே வந்து நிற்கிற இடம்.

"தடி ஒயர்னா அதோட பேச்சை நிறுத்திடு. தொடாதீங்க, ஆள் வருதுன்னு சொல்லி ஃபோனை வெச்சிடு" என்றார்.

இருபது வருஷமாக அந்தக் கேள்வியைக் கேட்காமல் அவள் ஃபோனை வைத்ததில்லை.

இரண்டு தெரு தள்ளி தையல் டீச்சர் வீடு. முப்பத்தைந்து வயதிருக்கும். தனியாக இருந்தாள். பக்கத்து வீட்டில் அவள் தம்பி, பஸ் டிரைவர், குடும்பத்தோடு இருந்தான். முன்ரூமில் அவளுடைய தையல் மெஷின். பின்னால் பிற்பாடு கட்டிச் சேர்த்த ஒரு ரூம். அங்கே மூன்று மணிக்குப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள் தையல் கற்றுக்கொள்ள வருவார்கள். இந்தக் குளிர் தொடங்கும்போது முன்ரூம் தெர்மோஸ்டாட்டை மெக்கானிக் மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்துதான் ஆரம்பம்.

எல்லா வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை போவார். டீச்சர் வீட்டுக்கு இரண்டே மாதத்தில் ஏழு தடவை. ஃபில்டர் மாற்ற, சத்தம் வருகிறது என்று பார்க்க, சத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்க. நோட்டில் எழுதியவளே ஃபோனக்காதான் என்பதால் எண்ணிக்கை தப்பவில்லை.

ஊரில் அவரை எல்லோரும் அண்ணே என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்கள் கூட. டீச்சர் மட்டும் சார் என்பாள்.

"அண்ணேன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும்" என்று ஒருநாள் ஃபோனை வைத்துவிட்டு ஃபோனக்கா முணுமுணுத்தாள்.

மகள் கல்லூரிப் பாடத்திலிருந்து நிமிராமலே சொன்னாள், "அம்மா, டீச்சர் ஃபோன்னா மட்டும் நீ எழுந்து நின்னு பேசுற. கவனிச்சியா?"

"கால் மரத்துப் போச்சு. அதான்."

"தினமும் டீச்சர் கூப்பிடுற நேரத்துக்கு மரத்துப் போகுதா?"

"வாயை மூடிட்டுப் படி."

டீச்சர் வீட்டுக்குப் போய் வந்த நாளெல்லாம் அவர் முகம் கழுவித் துடைத்த மாதிரி இருக்கும். சாப்பிடும்போது தானாகப் பேச்செடுப்பார். "டீச்சர் இன்னிக்கு ஒரு கேள்வி கேட்டாங்க. சூடு ஏன் மேல போகுது, கீழ காலெல்லாம் ஏன் சில்லுன்னு இருக்குன்னு. நல்ல கேள்வி இல்ல?" அவள் குழம்பை ஊற்றிவிட்டுப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள். அவ்வளவுதான்.

அந்தப் பட்டன் மட்டும் இல்லாவிட்டால் அந்த அளவிலேயே நின்றிருக்கலாம். வேலைக்குப் போடுகிற காக்கிச் சட்டையில் மேலிருந்து இரண்டாவது பட்டன் அறுந்து இரண்டு வாரமாகி இருந்தது. தைக்க வேண்டும், தைக்க வேண்டும் என்று அவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஃபோன் விட்டால்தானே. செவ்வாய்க்கிழமை அந்தச் சட்டையைத் துவைக்க எடுத்தவள் கையில் பட்டன் தட்டுப்பட்டது. நீல நூலில், இறுக்கமாக, பின்னால் முடிச்சே தெரியாமல் தைத்திருந்தது.

"பட்டன் யார் தைச்சது?"

அவர் ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். "டீச்சர். மெஷின் முன்னாடிதானே உட்கார்ந்திருக்காங்க. குடுங்க சார், ரெண்டு நிமிஷம்னாங்க."

"கழட்டிக் குடுத்தீங்களா?"

"போட்டுக்கிட்டே எப்படித் தைக்கிறது?"

"அந்த ரெண்டு நிமிஷமும் பனியனோட உட்கார்ந்திருந்தீங்களா?"

"ஸ்வெட்டர் இருந்துச்சு. என்ன கேள்வி இதெல்லாம்?" அவர் சிரித்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். அந்தச் சிரிப்பை அவள் சட்டையோடு சேர்த்து வாளியில் முக்கி அலசு அலசென்று அலசினாள். நீல நூல் நிறம் கூட மங்கவில்லை.

மறுநாள் புதன்கிழமை. பனி விலகாத காலை. மெக்கானிக் ஊருக்கு வெளியே ஒரு கோழிப்பண்ணையில் ஹீட்டர் பார்க்கப் போயிருந்தார். பதினோரு மணிக்கு ஃபோன் அடித்தது.

"அக்கா, நான் தையல் டீச்சர் பேசுறேன். சார் இருக்காரா?"

அவள் எழுந்து நின்றாள். "இல்லை. என்ன விஷயம்?"

"பின்ரூம் ஹீட்டர் திருகைத் திருப்பினாலும் வேலையே செய்யலைக்கா. பிள்ளைங்களுக்கு விரல் விறைச்சுப் போய் ஊசி பிடிக்க முடியலை. முன்ரூம்ல இருக்குற மாதிரியே ஒரு தெர்மோஸ்டாட் கடையில வாங்கிட்டேன். சார் வந்து மாட்டிக் குடுத்தா போதும். அஞ்சு நிமிஷ வேலைதான்."

அஞ்சு நிமிஷ வேலை. போனால் ஒரு மணி நேரம். வந்தால் டீச்சர் கேட்ட கேள்வி.

"அவருக்கு இந்த வாரம் மூச்சு விட நேரம் இல்லை."

"அய்யோ. மூணு மணிக்குக் கிளாஸ் இருக்கே."

"நீங்களே மாட்டிக்கலாம். முன்ரூம்ல அவர் மாட்டும்போது பக்கத்துலதானே இருந்தீங்க. பார்த்திருப்பீங்க."

"பார்த்தேன். ஆனா பயமா இருக்குக்கா."

"பயப்பட ஒன்னும் இல்லை. ஹீட்டர்னு எழுதியிருக்குற பிரேக்கரை இறக்குங்க. பழசைக் கழட்டுறதுக்கு முன்னாடி எந்த ஒயர் எங்க இருக்குன்னு ஒரு படம் எடுத்துக்குங்க. அப்படியே புதுசுல மாட்டுங்க. ரெண்டு ஸ்க்ரூ. முடிஞ்சது."

மெல்லிசு ஒயராக இருந்தால் சொன்னது எல்லாம் சரிதான். கேட்க வேண்டியதைத்தான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பின்ரூம் பிற்பாடு கட்டியது. அங்கே இருப்பது சுவரோடு பதித்த தனி கரண்ட் ஹீட்டர். ஒயர் தடியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குக் கேட்காமலே தெரியும். கேட்டால் டீச்சர் போய்ப் பார்ப்பாள். தடி என்பாள். தொடாதீங்க, ஆள் வருது என்று சொல்ல வேண்டியிருக்கும். ஆள் என்றால் அவர்.

அவள் ஃபோனை வைத்தாள். உருளைக்கிழங்கைத் தோல் சீவ எடுத்தாள்.

இருபது நிமிஷம் கழித்து மறுபடி அடித்தது. அதே நம்பர். அவள் கையில் கத்தி இருந்தது. ஃபோன் மேஜையை அதிரவைத்துக்கொண்டு அடித்தது. நின்றது. திரும்பவும் அடித்தது. அவள் சீவிய கிழங்கையே இன்னொரு முறை சீவினாள். பிறகு ஃபோன் சும்மா இருந்தது. நல்லபடியாக மாட்டியிருப்பாள், கையாலாகாதவளா என்ன, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

மாலை நாலரைக்கு மெக்கானிக் வந்தார். டீயைக் குடித்து முடிப்பதற்குள் வாசலில் பஸ் டிரைவர் வந்து நின்றான். யூனிஃபார்ம் கூட மாற்றவில்லை.

"அண்ணே, அக்கா ஆஸ்பத்திரியில இருந்து இப்பதான் வந்தாங்க. ஷாக் அடிச்சு ஸ்டூல்ல இருந்து விழுந்துட்டாங்க. வலது கை மணிக்கட்டு ஒடஞ்சு போச்சு. உள்ளங்கையில தோல் வெந்திருக்கு."

மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க ஷாக் அடிச்சுது?"

"பின்ரூம்ல. தெர்மோஸ்டாட் மாத்தப் போயிருக்காங்க. ஹீட்டர்னு நீங்க எழுதி ஒட்டின பிரேக்கரைத்தான் இறக்கியிருக்காங்க."

"அது முன்ரூம் ஹீட்டருக்கு. பின்ரூமுக்குத் தனி பிரேக்கர் இருக்கு. அது தடி ஒயர் ஆச்சே. அதை ஏன் தொட்டாங்க?"

"நீங்களே மாட்டிக்கலாம்னு உங்க வீட்டுல சொன்னாங்களாம்." டிரைவரின் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் ஃபோனக்காவுக்குத் தேவலை போல இருந்திருக்கும். "நான் சண்டைக்கு வரலைண்ணே. அவங்க கைதான் அவங்க சோறு. ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அவள் அடுப்படி நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். மெக்கானிக் அவள் பக்கம் திரும்பிக் கூடப் பார்க்கவில்லை.

"தம்பி, எங்க வீட்டுல அப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க" என்றார். "இருபது வருஷமா அவதான் ஃபோன் எடுக்குறா. ஒயர் தடியா மெல்லிசான்னு கேக்காம அவ வாய்ல இருந்து அடுத்த வார்த்தை வராது. அக்கா பதட்டத்துல சரியாக் காதுல வாங்காம இருந்திருப்பாங்க. இல்ல, இவ வேண்டாம்னு சொல்லியும் அவசரத்துல அவங்களே செஞ்சிருப்பாங்க. நான் குறை சொல்லலை. மனுஷங்க செய்யுறதுதான்."

டிரைவர் கொஞ்சம் குழம்பினான். "அக்கா பொய் சொல்றவங்க இல்லைண்ணே."

"பொய்னு சொல்லலை. ஆனா இவளைப் பத்தி எனக்குத் தெரியும்."

அவள் சொன்னாள், "நான் கேக்கலை."

இருவரும் திரும்பினார்கள். முதலில் அவருக்கு விளங்கவில்லை. "என்ன கேக்கலை?"

"ஒயர் எப்படி இருக்குன்னு கேக்கலை. நீங்களே மாட்டிக்கங்கன்னு நான்தான் சொன்னேன். அவங்க சொன்னது நெசம்."

அவர் முகத்தில் ஏதோ ஓடியது. உடனே அவள் தப்பிக்க ஒரு கதவைத் திறந்து விட்டார். "மறந்துட்ட. காலையில இருந்து விடாம அடிச்சிருக்கும். மறந்துட்டதானே?"

அந்தக் கதவு வழியாகப் போயிருக்கலாம். டிரைவரும் அதற்குத் தலையாட்டத் தயாராக நின்றான். பெண்பிள்ளை, நூறு ஃபோன், ஒன்று தவறிவிட்டது. யாரும் அதற்கு மேல் கேட்கப் போவதில்லை.

"மறக்கலை" என்றாள் அவள். "தெரிஞ்சேதான் கேக்கலை. மறுபடி கூப்பிட்டாங்க. எடுக்கலை."

டிரைவர் அவளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இது இனிமேல் தான் நிற்கிற இடம் இல்லை என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். "அக்காகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினான்.

அவர் டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். டீயில் ஆடை படிந்துவிட்டது.

"ஏன்?"

"பட்டன்" என்றாள்.

"என்ன பட்டன்?" அவர் குனிந்து சட்டையைப் பார்த்தார். "இதுக்காகவா?"

"இதுக்கு மட்டும் இல்ல. அந்த வீட்டுக்குப் போனா உங்க மூஞ்சி வேற மாதிரி ஆயிடுது. ஏழு தடவை போயிருக்கீங்க."

"அங்க ஒன்னும் இல்ல."

"ஒன்னும் இல்லாததுக்கு ஏழு தடவையா?"

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கையை மேஜைமேல் விரித்துவைத்து அதைப் பார்த்தபடி பேசினார். "பேசுவேன். அவங்க கேப்பாங்க. அவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் எப்ப முடியும், எப்பப் போவீங்கன்னுதான் கேக்குறாங்க. அவங்க மட்டும்தான் இது எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டாங்க. இத்தனை வருஷம் செஞ்சிருக்கேன். யாரும் கேட்டதில்லை."

"நான் கேட்டேன்."

"எப்ப?"

"கல்யாணம் ஆன புதுசுல. இந்த டப்பிக்குள்ள என்ன இருக்கு, வீடு சூடானது அதுக்கு எப்படித் தெரியுதுன்னு கேட்டேன். அடுப்புல பால் இருக்கு, அதைப் பாருன்னீங்க. அப்புறம் நான் கேக்கலை. ஃபோன்ல வர்றவங்க சொல்றதை வெச்சே ஒன்னொன்னா தெரிஞ்சுக்கிட்டேன்."

அவருக்கு அது ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்பது முகத்தில் அப்படியே தெரிந்தது. அவருக்கும் டீச்சருக்கும் நடுவில் வேறு ஏதாவது இருந்து தொலைந்திருந்தால் கூட அழுது, கத்தி, அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியை எடுத்திருக்கலாம். தான் கேட்டுக் கிடைக்காத பேச்சு இன்னொருத்திக்குக் கேட்டதுமே கிடைத்தது என்பதற்கு எந்தப் பெட்டியை எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஒரு ஆளைக் கொன்னிருப்ப" என்றார் அவர், மெதுவாக.

"தெரியும்."

"நாளைக்குக் காலையில நீயும் வா."

காலையில் நடந்தே போனார்கள். அவர் கருவிப் பையோடு முன்னால், அவள் நாலடி பின்னால். வழியெல்லாம் புல்லில் பனி வெள்ளையாகப் படிந்திருந்தது.

டீச்சர் கதவைத் திறந்தாள். உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. இடது கையால் சேலைத் தலைப்பைச் சரி செய்யத் தெரியாமல் தோளில் மூட்டையாகப் போட்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் ஃபோனக்காவுக்கு முதலில் தோன்றியது, இவள் தான் நினைத்த அளவுக்கு அழகில்லையே என்பதுதான். அடுத்த நொடி தன்னையே காறித் துப்பலாம் போல இருந்தது.

பின்ரூமில் மேஜைமேல் வெட்டி வைத்த பள்ளிக்கூடச் சீருடைத் துணிகள் அடுக்கடுக்காகக் கிடந்தன. சுவரில் பாதி கழன்ற பழைய தெர்மோஸ்டாட் தொங்கியது. இரண்டு தடி ஒயர்கள், ஒன்றின் நுனி கருகி. கீழே ஸ்டூல் விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மெக்கானிக் போய் இரண்டு பிரேக்கரையும் இறக்கினார். டெஸ்டர் நன்றாக இருக்கிறதா என்று, முதலில் பக்கத்தில் தம்பி வீட்டிலிருந்து இழுத்து வந்த கரண்ட் ஒயரில் வைத்து அதன் விளக்கு எரிகிறதா பார்த்தார். பிறகுதான் சுவர் ஒயரில் வைத்தார். எரியவில்லை. இன்னொரு தடவை வைத்துப் பார்த்தார். ஃபோனக்கா டார்ச் பிடித்தாள்.

டீச்சர் வாங்கி வைத்திருந்த புதுப் பெட்டியைத் திருப்பிப் படித்தவர், சுவரைப் பார்த்துத்தான் பேசினார். "இது இருபத்தி நாலு வோல்ட்டுக்கு செஞ்சது. இந்த ஒயர்ல வர்றது இருநூத்தி முப்பது. கை தவறாம நீங்க இதை மாட்டியிருந்தா, போட்ட கொஞ்ச நேரத்துல பத்திக்கிட்டு எரிஞ்சிருக்கும். மூணு மணிக்குப் பன்னண்டு பிள்ளைங்க. சுத்தி இவ்வளவு துணி." கருகிய நுனியை வெட்டிப் போட்டார். "நீங்க விழுந்ததே நல்லதாப் போச்சு."

டார்ச்சைச் சுவர்ப் பக்கமே பிடித்தபடி ஃபோனக்கா திரும்பினாள்.

"டீச்சர்" என்றாள். "நான் வேணும்னேதான் கேக்காம விட்டேன். இவர் இங்க வரக் கூடாதுன்னு."

டீச்சர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். "தம்பி சொன்னான். நான் நம்பலை." மாவுக்கட்டை மடியில் தூக்கி வைத்தாள். "கழட்டினதும் ஒயர் தடியா இருந்துச்சு. முன்ரூம்ல இருந்த மாதிரி இல்லையேன்னு உங்களுக்குத்தான் கூப்பிட்டேன். ரெண்டு தடவை. கடைக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"வீட்டுலதான் இருந்தேன்."

"ம்." டீச்சர் வெளியே பார்த்தாள். "என் வலது கைக்கா."

மெக்கானிக் புது தெர்மோஸ்டாட்டில் ஸ்க்ரூ இறுக்கிக்கொண்டிருந்தார். அது தடி ஒயருக்கென்று அவர் கொண்டுவந்த கனமான ரகம்.

திடீரென்று டீச்சர் சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை. "இதுல என்ன கொடுமைன்னா, இவர் பேசுறதுல பாதி எனக்குக் காதுலயே விழாது. ஏதாவது ஒன்னு கேட்டு வைப்பேன். வந்தவரைச் சும்மா நிக்க வெக்கக் கூடாதுன்னு. அவர் பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பார். நான் மெஷினை ஓட்டிக்கிட்டே ம் கொட்டுவேன். அந்தச் சத்தத்துல என்ன கேக்கும்? ஒருத்தர் ஆசையாப் பேசும்போது நிறுத்துங்கன்னு சொல்ல முடியுமா? இதுக்குப் போயா நீங்க..."

சுவர்ப் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் நின்றது. அவர் திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது. பிறகு கை மறுபடி திருப்ப ஆரம்பித்தது, முன்னைவிட மெதுவாக.

நியாயமாக ஃபோனக்காவுக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் அது. ஆனால் அவளுக்கு டீச்சர்மேல் கோபம்தான் வந்தது. சூடு ஏன் மேலே போகிறது என்று இந்த மனுஷன் எவ்வளவு அழகாகச் சொல்லியிருப்பார். அதைக் காதில் வாங்காமல் ம் கொட்டினாயா என்று கேட்க வேண்டும் போல இருந்தது. மாவுக்கட்டு கண்ணில் பட்டது.

"நான் என்ன செய்யட்டும்?" என்றாள்.

"மன்னிப்பு வேண்டாம். பழம் வாங்கிட்டு வந்து உட்காரவும் வேண்டாம். தைக்கத் தெரியுமா?"

"ஒரு பட்டன் தைக்கவே எனக்கு ரெண்டு வாரம் ஆகும்."

"வெட்டத் தெரியுமா?"

"காய்தான் வெட்டியிருக்கேன்."

"இந்தச் சீருடையெல்லாம் மாசக் கடைசிக்குள்ள குடுக்கணும். தைக்கிறதை பெரிய பிள்ளைங்க பார்த்துக்கும். வெட்டுறதுக்குக் கை இல்லை. தினம் ரெண்டு மணிக்கு வாங்க. நான் கோடு சொல்றேன், நீங்க வெட்டுங்க. கட்டுப் பிரிக்கிற வரைக்கும்."

மெக்கானிக் இரண்டு பிரேக்கருக்கும் பக்கத்தில் புதிதாகச் சீட்டு எழுதி ஒட்டினார். முன்ரூம் ஹீட்டர். பின்ரூம் ஹீட்டர், தடி ஒயர், தொட வேண்டாம். கரண்டைப் போட்டுத் திருகைத் திருப்பியதும் சுவருக்குள் மெல்லிய டிக் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ரூமில் சூடு பரவியது.

அன்றே இரண்டு மணிக்குப் போனாள். முதல் நாள் மூன்று சட்டைக் கையைக் கோணலாக வெட்டினாள். பெண்பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "உங்க கத்தரி சமையலறைக்குள்ளயே நிக்குது" என்றாள் டீச்சர். ஃபோனக்கா வீட்டில் இல்லாத நேரத்துக்கு மகள் ஃபோன் எடுத்தாள். ஒயரைப் பற்றிக் கேட்கச் சொல்லி அம்மா நோட்டின் எல்லாப் பக்கத்திலும் எழுதி வைத்திருந்தாள்.

மெக்கானிக்கிடம் மட்டும் பேச்சே இல்லை. கோபமாகத் தெரியவில்லை. சோறு போடு, தண்ணி குடு, நாளைக்கு எந்த வீடு, அவ்வளவுதான். எந்த வீட்டுக்குப் போனாலும் வேலையை முடித்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்புகிறாராம். லேம்ப் வைத்திருந்த பாட்டையாவே ஃபோனில் கேட்டார், "உங்க வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லையா?"

ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். மணி ஒன்றேகால். சோற்றைப் பிசைந்துகொண்டே, யாருக்கோ சொல்வது போல ஆரம்பித்தார்.

"நூலகத்துல ஒரு வாரமா ஹீட்டர் நிக்கவே மாட்டேங்குது. ரூம் சுட்டெரிக்குது, தெர்மோஸ்டாட் மட்டும் இன்னும் குளிர்னு காட்டுது. புதுசு மாத்தியும் அப்படியே. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சேன். அதைக் கழட்டிட்டுப் பின்னால கையை வெச்சா, ஒயர் வர்ற ஓட்டையில இருந்து சில்லுன்னு காத்து வருது. சுவருக்குள்ள இருந்து. அது தெர்மோஸ்டாட் முதுகுல அடிச்சுக்கிட்டே இருக்கு. அதுக்கு என்ன தெரியும் பாவம், ஊரே குளிருதுன்னு நெனச்சுக்குது."

"ம்" என்றாள்.

அவர் கை நின்றது. "சும்மா ம் கொட்டாத."

அவள் அடுப்பை அணைத்தாள். கரண்டியை வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்."

"அப்ப நான் என்ன சொன்னேன்?"

"ஓட்டையில இருந்து காத்து வந்து முதுகுல அடிக்குதுன்னீங்க. அடைச்சீங்களா?"

"பஞ்சை வெச்சு அடைச்சேன். சரியாப் போச்சு."

"அப்படியா?" அவள் யோசித்தாள். "ஆனா ஒரு வாரமாத்தான்னு சொன்னீங்க. அந்த ஓட்டை கட்டடம் கட்டுன நாள்ல இருந்து அங்கதானே இருக்கும். இத்தனை குளிர்ல வராத காத்து இப்ப மட்டும் ஏன் வருது?"

அவர் பிசைந்த சோற்றோடு அவளைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவே இல்லை.

"அந்தச் சுவருக்குப் பின்னால என்ன ரூம்?" என்றாள்.

"சாமான் ரூம். பழைய புத்தகமெல்லாம் போட்டு வெச்சிருப்பாங்க."

"அதுக்கு ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. மேல ஒன்னு." அவர் கையை உதறினார். "கண்ணாடி ஒடஞ்சிருக்குமோ. மழை வந்தா அந்தப் புத்தகம் பூரா..." தட்டை ஒதுக்கிவிட்டு, தண்ணீரில் விரலைத் தொட்டு மேஜைமேல் சுவரை வரைந்தார். சாமான் ரூமை வரைந்தார். காற்று எந்த வழியாகப் புகும், எங்கே இறங்கும் என்று சொல்லத் தொடங்கினார். ஈரக் கோடு காய்ந்ததும் மறுபடி வரைந்தார். அவள் இடையிடையே கேட்டாள். ஒரு இடத்தில் அது அப்படிப் போகாது என்றாள். போகும் என்றார். எப்படி என்றாள். சொன்னார்.

டீச்சர் வீட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றடிக்கப் பத்து நிமிஷம். பெண்பிள்ளைகள் வர ஆரம்பித்துவிட்டார்கள். வெட்டாத துணி அப்படியே கிடந்தது.

"ரெண்டு மணின்னு சொன்னேன்" என்றாள் டீச்சர்.

"அவர் பேசிக்கிட்டிருந்தார்."

"அவர் பேச்சு ஆரம்பிச்சா முடியாதே. எப்படித்தான் எழுந்து வந்தீங்க?"

ஃபோனக்கா துணியை விரித்து, நீவி, கத்தரியை எடுத்தாள்.

"முடியலை" என்றாள். "மீதி சாயங்காலத்துக்கு இருக்கு. நீங்க கோட்டைச் சொல்லுங்க."